சொல்லாத மூன்றாம் தரம்

சனிக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போதுதான் அரிகரன் போன் செய்தார். அந்த ஆளுக்கு எப்போதும் அப்படித்தான். மற்றவர்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் அதிகாரம் பொங்கும்.

"ஜெயசுதாம்மா, சாயந்தரம் ஆபீஸ் பின்னால வந்துடு. சில்லறைச் சாமானெல்லாம் மளமளன்னு தள்ளி வுட்டுடு. கடைசியா அந்தக் கரும்பு ஜூஸ் மிஷினு. விஜயராஜ் வருவாரு. ரொம்ப இழுக்காத. புரியுதா?"

"புரியுது சார்" என்றாள் ஜெயசுதா. புரிந்ததால்தான் அதற்குமேல் ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சுப்பராயலு, என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான். அவனால் அவ்வளவுதான் முடியும். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சின்னவேலம்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் ஏலம் என்றால் சுப்பராயலு குரல்தான் என்று ஒரு காலம். அந்த வீட்டில் இப்போது ஏலக்காரி அவள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் லைசென்ஸ் அட்டையில் அவள் போட்டோவும் அவள் பேரும்தான் இருக்கின்றன.

அந்த அட்டையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

சுப்பராயலு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர் ஏரியின் மீன் ஏலம் வந்தது. தேதி குறித்தாகிவிட்டது, தண்டோராவும் போட்டாகிவிட்டது. புருஷனுக்குப் பதிலாக ஜெயசுதா போய் நின்று ஏலம் விட்டாள். ஊர்ப் பையன் புகழ்வேந்தனும் அவன் கூட்டாளிப் பையன்கள் ஐந்தாறு பேரும் சேர்ந்து உசத்திக் கேட்டு மீனை எடுத்தார்கள். எதிர்த்துக் கேட்டுத் தோற்றவர் கூல்பார் விஜயராஜ். மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய கூல்பார், பக்கத்திலேயே பேக்கரி, ஊரில் பாதி கல்யாணங்களுக்கு ஐஸ்கிரீம் சப்ளை, எல்லாம் அவர்தான். மறுநாளே ஒரு பெட்டிஷன் போட்டார். லைசென்ஸ் இல்லாத வாய் மூன்றாம் தரம் சொன்னால் அந்த ஏலம் செல்லாது என்று.

உரிமப் பிரிவு அதிகாரி அரிகரன் சட்டென்று கையெழுத்துப் போட்டார். செல்லாது. மறு ஏலம். அடுத்த கொம்யூனிலிருந்து ஒரு ஏலக்காரரைக் கூட்டிவந்து ஏலம் விட்டார்கள். அதில் பையன்களை யார் யாரோ போய்ப் பார்த்துப் பேசி வாயடைத்துவிட்டார்கள். மூன்று வருஷக் குத்தகைக்கு மீன் விஜயராஜுக்குப் போனது.

மூன்றாம் தரம் சொன்னதற்குத் தன்னைக் கூப்பிட்டு, ஏதோ திருடிவிட்டவளைப்போல நிற்கவைத்து அரிகரன் கேட்டதை ஜெயசுதா இன்னும் மறக்கவில்லை. "யார் வேணா மூணு சொல்லிட்டுப் போறதுக்கு இது இன்னா கோலியாட்டமா?"

சரி, லைசென்ஸே வாங்கிவிடுவோம் என்று கிளம்பினாள். அலைந்தாள். போலீசில் நன்னடத்தைச் சான்று. கொம்யூனிலேயே குடியிருப்பதற்குச் சான்று. நிலம் வைத்திருக்கிற இரண்டு பேரின் ஜாமீன். பண்டசோழநல்லூரில் கரும்பு போட்டிருக்கும் அவள் அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டான், இன்னொன்றுக்கு எட்டு வீடு ஏறி இறங்கினாள். பொம்பளைக்கு எதற்கு என்று அந்த எட்டு வீட்டிலும் கேட்டார்கள். எல்லாம் கொண்டுபோய் வைத்த பிறகு அரிகரன் ஒரு புதுக் கதை கட்டினார். ஏலக்காரருக்குக் குரல் எடுபட வேண்டுமாம். ஆபீசுக்கு நடுவே அவளை நிற்கவைத்து, ஏல விதிகளை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படிக்கச் சொன்னார். ஆபீசே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. எவனோ விசிலடித்தான்.

அவள் படித்தாள். ஏலம் பொழுது விடிந்த பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் முடிய வேண்டும். முடியாத ஏலம் கலைந்ததாகக் கொள்ளப்படும், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துப் புதிதாக அறிவிக்க வேண்டும். ஏலக்காரரோ அவர் குடும்பத்தாரோ கேட்கக் கூடாது. பறிமுதலான பொருளின் சொந்தக்காரர் கேட்கக் கூடாது. உரிமம் பெற்றவர் தம் வாயால் மூன்றாம் தரம் சொன்னாலன்றி விற்பனை ஆகாது. மானம் போகப் போகக் குரல் ஏறியது. கடைசி விதிக்கு வரும்போது வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அட்டை வந்தது. அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டிய மாசம் இதுதான். அரிகரனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாயந்தரம் புருஷனும் அவளும் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸின் பின்பக்கம் கூட்டம் நின்றிருந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே, ரோட்டோரத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சாமான்கள். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், இட்லிக் குண்டான், ஒரு பெட்ரோமாக்ஸ், செருப்புத் தைக்கிறவரின் குடை, நாலைந்து தள்ளுவண்டிகள். யாரோ பெரிய மனுஷர் அந்த வழியாகக் காரில் போகிறார் என்று ஒரே நாளில் ரோட்டைச் சுத்தம் செய்தார்கள். அவர் கார் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. ஓரமாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த கரும்பு மிஷின் நின்றது. சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கைகூட அப்படியே இருந்தது.

மிஷினுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கலியம்மாள் நின்றாள். அது அவளுடைய மிஷின்.

கலியம்மாளுக்கும் ஜெயசுதாவுக்கும் ஆகாது. ஜெயசுதா அந்த மீன் ஏலம் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு, நடு ரோட்டில் நாலு பேர் ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கையில் கலியம்மாள் சொன்னாள்: "புருசனுக்கு வாய் போனதும் போச்சி, இவளுக்கு ரெண்டு வாய் மொளைச்சிடுச்சி." நாலு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜெயசுதா அந்த வண்டிப் பக்கம் திரும்பியதில்லை. வெயிலில் நாக்கு வறண்டாலும் தாண்டிப் போய் பெட்டிக்கடையில் சோடாதான்.

இன்றைக்கும் கலியம்மாள் வாயை மூடவில்லை.

"அடியே ஏலக்காரி! செவ்வாக்கெழம அட்டை குடுக்கிறானுங்க. ரோட்டுக் கடைக்காரங்க எல்லாருக்கும் கேம்ப் போட்டுக் குடுக்கிறானுங்க. அட்டையக் காட்னா மிஷினக் குடுத்துடுவோம்னு இந்த ஆளு வாயாலதான் சொன்னான். இப்ப சனிக்கெழம ஏலம் போடுறானே, இது இன்னா நாயம்? இத வித்துப்புட்டு என்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? உன் வூட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கட்டுமா?"

செவ்வாய்க்கிழமை என்பது ஜெயசுதாவுக்குப் புதுச் செய்தி. நேராக அரிகரனிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏலம் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்றால், விஜயராஜ் வரவில்லை. மகாராஜா வருவதற்காக ஊரே காத்திருந்தது.

"சார், இந்த மிஷின் மட்டும் செவ்வாக்கெழம தாண்டி வெச்சுக்கலாமே. அட்டை வந்துடுதாமே."

"அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கு? ஆபீஸ் முடிவு பண்ணும். உன் வேலை வாயத் தொறக்கறது மட்டும்தான். தொற, சொல்லு, மூடு, போ. அவ்ளோதான்."

பக்கத்தில் இருந்த பியூன் சிரித்தான். ஜெயசுதாவின் காது மடல் இரண்டும் சுட்டன. ஒரு வருஷம் அலைந்தது, எட்டு வீடு ஏறியது, ஆபீஸ் நடுவில் நின்று தொண்டை கிழியப் படித்தது எல்லாம் இந்த ஆள் சொல்லும்போது திறந்து மூடுகிற ஒரு குழாய்க்காகத்தானா என்று நினைத்தாள். திரும்பி வந்து, லைசென்ஸ் அட்டையைப் புடவைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டாள்.

விஜயராஜ் வந்து இறங்கும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. கூட நாலு ஆட்கள். கடையில் வேலை செய்கிறவர்கள்தான், ஆனால் இன்றைக்கு நாலு பேரும் ஏலம் கேட்க வந்தவர்கள். ஜெயசுதாவைப் பார்த்து, "இன்னாக்கா, நல்லாருக்கியா?" என்று சிரித்தார்.

நாற்காலிகள் போயின. குண்டான் போனது. சொந்தக்காரர் கேட்கக் கூடாது என்பதால், குடையைச் செருப்புத் தைக்கிறவரின் மைத்துனர் எதிர்வீட்டுக்காரர் பெயரில் எடுத்துக்கொண்டார், யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. தள்ளுவண்டிகள் ஒவ்வொன்றாக விலைபோயின. ஜெயசுதாவின் குரல் கொட்டகைத் தகரத்தில் பட்டு ரோடு வரைக்கும் போனது. கடைசியாக மிஷின்.

அரசு மதிப்பைச் சொல்லித் தொடங்கினாள். விஜயராஜின் ஆட்களில் ஒருவன் அதையே கேட்டான். இன்னொருவன் கொஞ்சம் கூட்டினான். மூன்றாமவன் வாயைத் திறக்கப் போனபோது விஜயராஜ் ஒரு பார்வை பார்த்தார், அவன் மூடிக்கொண்டான். அவரே ஒரு நூறு கூட்டிக் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான் ஏலம். புது மிஷின் வாங்கப் போனால் என்ன விலை என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அவனவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் வேண்டாமா?

"எங்க வைக்கப் போறீங்க இத?" என்று கேட்டாள் ஜெயசுதா. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நம்ம கடை முன்னாலதான்க்கா. ரோட்டோரமா."

கலியம்மாள் தலைதலையாக அடித்துக்கொண்டாள். "என் கடை ரோட்டோரம்னா ஆக்கிரமிப்பு! இவன் வெச்சா அலங்காரமாடா பாவிங்களா!"

"ம், ஆவட்டும்" என்றார் அரிகரன்.

"ஒரு தரம்!" என்றாள் ஜெயசுதா. "ரெண்டு தரம்!"

சுப்பராயலு வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. இரண்டாம் தரம் சொன்னதும் ஏலக்காரர் நாலு பக்கமும் ஒரு சுற்றுத் திரும்பி, நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டும். என் காதில் விழவில்லை, நான் கேட்க இருந்தேன் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வந்துவிடக் கூடாது, அதற்காக. ஜெயசுதா திரும்பினாள். பேக்கரிப் பையன்களைப் பார்த்தாள். செருப்புத் தைக்கிறவரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். வேலியோரம் புகழ்வேந்தன் கைகட்டி நின்றிருந்தான், அவன் கண்ணில் பழைய மீன் ஏலம் அப்படியே இருந்தது. கலியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பொம்பளை முதல் தடவையாகத் திட்டாமல், வாய் கோணி அழுதுகொண்டிருந்தாள். கடைசியாக அரிகரன். அவர் மணியைப் பார்த்துக்கொண்டு எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வாய் மூன்றாம் தரத்தைச் சொல்லிவிடும் என்று அவ்வளவு நிச்சயம்.

ஒரு சுற்று முடிந்தது. ஜெயசுதா சொல்லவில்லை. இன்னொரு சுற்றுத் திரும்பினாள்.

"இன்னாம்மா, சொல்லு" என்றார் அரிகரன்.

அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுமா!"

"சார், ரெண்டாந்தரம் சொல்லிட்டேன். யாராச்சும் உசத்திக் கேக்கறாங்களான்னு பாக்கறேன். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு விதியில ஒண்ணும் போடல. நீங்கதான என்னப் படிக்கவுட்டுக் கேட்டீங்க?"

கூட்டத்தில் சலசலப்பு. கொட்டகைக்கு மேற்கே, தென்னை மட்டைகளுக்கு நடுவில் சூரியன் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதைப் பார்த்தவன் புகழ்வேந்தன்தான். பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பினார்கள். அரிகரனும் திரும்பினார். அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஜெயசுதா, விளையாடாத. இந்த மாசம் உன் லைசென்ஸ் யார் டேபிளுக்கு வருதுன்னு தெரியும்ல? உன் பொண்ணு காலேஜ்ல படிக்குது. வூட்ல வேற யாருக்கும் வாய் இல்ல. யோசிச்சிப் பாத்துச் சொல்லு."

அவள் யோசிக்காமல் இல்லை. அந்த அட்டை போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவளுக்கு அரிகரன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்துக்குள் சுப்பராயலுவைத் தேடினாள். அவன் ஆபீஸ் சுவரோரம் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பார்த்ததும் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான். சொல்லிடு. கை நடுங்கியது. மறுபடியும் காட்டினான். சொல்லிடு, சுதா.

அரிகரன் மேல் வந்த கோபத்தைவிட அந்த மூன்று விரல் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. நீயுமா? ஊர் ஏலமெல்லாம் உன் வாயில் நடந்ததே, ஒரு தடவையாவது எவனாவது உன்னைத் திற, மூடு என்று சொன்னானா? சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? அவனுக்குப் பயம் என்பது தெரிந்தது, யாருக்காகப் பயம் என்பதும் தெரிந்தது. அது தெரிந்ததில் ஆத்திரம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது சுற்றுத் தொடங்கினாள்.

விஜயராஜ் மோட்டார் சைக்கிளை விட்டு எழுந்துவிட்டார். "இன்னா சார் இது?" என்றார் அரிகரனைப் பார்த்து. அந்தக் கேள்விதான் அரிகரனைக் கிளப்பிவிட்டது. தனக்கு வேண்டிய மனுஷர் முன்னால், ஊர் முன்னால், தான் லைசென்ஸ் கொடுத்த ஒரு பொம்பளை வாயை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள்.

"வாயத் தொறடி!" என்று கத்தினார்.

ஜெயசுதா நின்றாள். அவர் முகத்தையே நேராகப் பார்த்தாள். உதட்டை இறுக்கி, தாடை வலிக்க மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லலன்னா உலகம் நின்னுடுமா?" அரிகரன் தள்ளுவண்டி ஒன்றின் மேல் ஏறியே விட்டார். "நான் சொல்றேன். மூணு தரம்! விஜயராஜுக்கு! முடிஞ்சிச்சி, தூக்குங்கடா!"

நாலு ஆட்களும் பாய்ந்து மிஷினைப் பிடித்தார்கள். சலங்கை குலுங்கியது. கலியம்மாள் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள்.

வேலியோரத்திலிருந்து புகழ்வேந்தன் சத்தம் போட்டுக் கேட்டான்: "சார், அந்த வாயிக்கு லைசென்ஸ் இருக்குதா?"

யாரோ குபீர் என்று சிரித்தார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த கதையல்லவா அது. சிரிப்பு ஒரு பக்கம் தொடங்கி மறு பக்கம் போய், செருப்புத் தைக்கிறவர்வரைக்கும் தொற்றிக்கொண்டது.

சிரிக்காதவர் விஜயராஜ் ஒருவர்தான். அவர் யாபாரி, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "வைங்கடா கீழ" என்றார்.

"இன்னா விஜயராஜ்? நான்தான் சொல்றேனே!"

"கீழ வைங்கடான்றேன்!" ஆட்களை அதட்டிவிட்டு அரிகரனிடம் வந்தார். "உங்க வாய் செல்லும்னா அன்னிக்கு இவ வாயும் செல்லும் சார். அந்தப் பசங்க நாளைக்கே கோர்ட்டுக்குப் போவானுங்க. இந்த ஓட்ட மிஷினுக்கோசரம் நான் ஏரி மீன வுடச் சொல்றீங்களா? எனக்கு ஒண்ணும் வேணாம். ஆள வுடுங்க."

மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். அரிகரன் தள்ளுவண்டி மேலேயே நின்றிருந்தார், இறங்குவதற்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. தென்னைக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து, வெளுத்து, இல்லாமல் போனது. வாட்ச்மேன் வழக்கம்போல் வந்து கொட்டகை டியூப் லைட்டைப் போட்டான்.

"பொழுது சாஞ்சிடுச்சி. ஏலம் கலைஞ்சிது" என்றாள் ஜெயசுதா. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த குரல், ரோட்டில் போன பஸ் சத்தத்துக்கும் மேலே கேட்டது. "பதினஞ்சு நாள் கழிச்சிதான் இனி."

கலியம்மாள் சக்கரத்தை விட்டு எழுந்தாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "இன்னாடி இவ்ளோ நேரம் இழுத்த, என் உசுரே போய்ட்டு வந்துச்சி" என்றாள். நன்றி சொல்கிற பழக்கம் அந்த வாய்க்குக் கிடையாது. ஜெயசுதாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

அரிகரன் ஒருவழியாக இறங்கி நேரே அவளிடம் வந்தார். கையை நீட்டி, அவள் கழுத்திலிருந்த அட்டையை நாடாவோடு பிடித்து இழுத்தார். நாடா கழுத்தில் அறுத்துக்கொண்டு வந்தது. "மேலதிகாரிக்கு எழுதறேன். இனிமே இந்தக் கொம்யூன்ல நீ ஒரு முட்டை விக்க முடியாது. இன்னா பண்ணுவியோ பண்ணு."

கழுத்து எரிந்தது. கண்ணும் எரிந்தது. அழுதால் அது இவனுக்குக் கொண்டாட்டம், அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அட்டைக்குள்ளிருந்து அவள் போட்டோ அவர் கட்டை விரலுக்குக் கீழே பாதி தெரிந்தது. ஒரு வருஷ அலைச்சல் அந்த விரலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. அவர் திரும்பி ஜீப்பைப் பார்த்து நடந்தார். கூட்டம் வழிவிட்டது.

"என் அட்டையக் குடுங்க" என்றாள் ஜெயசுதா. "ஒரு தரம்."

அரிகரனின் நடை கொஞ்சம் தடுமாறியது. நிற்கவில்லை.

சுவரோரத்திலிருந்து சுப்பராயலு வந்து அவள் பக்கத்தில் நின்றான். தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். கையைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லாரும் பார்க்கும்படி ஒரு விரலை நீட்டினான்.

"குடுங்க. ரெண்டு தரம்!"

இரண்டாவது விரலும் நிமிர்ந்தது. இப்போது அந்தக் கை நடுங்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. அரிகரன் ஜீப்பில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடி வழியாக ஒரு முறை திரும்பிப் பார்த்தார், அவள் வாயை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, உங்களுக்கு லீவு" என்றாள் ஜெயசுதா, ஜீப்பு கிளம்பும் சத்தத்துக்கும் மேலே. "மூணாந்தரம் திங்கக்கெழம காலைல உங்க ஆபீஸ் வாசல்ல வந்து சொல்றேன். அதுக்கு எவன் லைசென்ஸும் எனக்கு வேணாம்."